டிக்கிக்குள் தண்ணீர் வரும் வழி

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வேர்பிடித்ததற்கு அது பெரிய காரணம். எங்கள் எம். புதுப்பட்டியில் காயும் அதே வெயில், கார் டிக்கியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் விறைக்க வைத்து வெடிப்பு விடச் செய்கிறது. கோடை முழுக்க அது கண்ணில் படாது. ஐப்பசி மழை இறங்கியதும் தெரிந்துவிடும்.

நான் காலண்டர் ஆர்டர் பிடிப்பவன். ஆடிப்பெருக்கன்று அச்சகங்கள் புது ஆல்பம் வெளியிட்டதும் டிக்கி நிறைய மாதிரிகளோடு கிளம்பினால் மார்கழி வரை ஓட்டம். ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மை உரிந்து வரும். அப்படிப்பட்ட ஆல்பத்தைக் கடைக்காரர் முன்னால் எப்படி விரிப்பது?

டிக்கியில் ஈரவாடை அடித்தால் முதலில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அந்தப் பள்ளம்தான் ஆகத் தாழ்ந்த இடம். எங்கே நுழைந்த தண்ணீரும் அங்கே போய்ச் சேரும். அதனால் தேங்கிய இடத்தைப் பார்த்து ஓட்டையைச் சொல்லிவிட முடியாது. பலர் இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து, சிலிக்கான் டியூப் வாங்கிக் கண்ட இடத்தில் அப்பிவிடுகிறார்கள். தண்ணீர் வேறு பக்கம் திரும்புமே தவிர, நிற்காது.

கார்பெட், பக்கவாட்டு அட்டை எல்லாவற்றையும் கழற்றி உள்ளே நன்றாக உலர விடுங்கள். பின் சீட்டைச் சாய்த்துவிட்டு ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுக்க, இன்னொருவர் டிக்கியை மூடி வெளியிலிருந்து தண்ணீர் விட வேண்டும். சீட் சாயாத காரில் ஆளை வைத்து மூடவே கூடாது. தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்து உள்ளே ஆங்காங்கே ஒட்டி வையுங்கள். நனைந்த தாள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

என் காரைச் சோதித்த டிங்கரிங் பட்டறைத் தம்பி, “அண்ணாச்சி, பைப்பை மேல தூக்காதீங்க, அடியில இருந்து வாங்க” என்றார். மேலே விட்டால் எல்லாம் ஒருசேர நனைந்து, எது ஓட்டை என்று புரியாது. முதலில் பம்பர் பக்கம், பிறகு பின் விளக்கு, பீடிங், கடைசியில் பின் கண்ணாடியும் கூரை ஓரமும். வேகமாகப் பீய்ச்சினால் நல்ல ரப்பரையும் தாண்டி நீர் புகும். மெல்ல விட வேண்டும்.

வலப்பக்க விளக்குக்கு வந்ததும், உள்ளே ஒரு போல்ட்டடியிலிருந்து நூல்போல நீர் கசிந்து, தகர விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஓடிப் பள்ளத்தில் இறங்கியது. விளக்கைக் கழற்றினால் ஸ்பாஞ்ச் கேஸ்கெட் ஒரு மூலையில் மடிந்திருந்தது. மடிப்பின் ஓரமாகக் கரிசல் மண் படிந்து, தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரிந்தது. முன்பு பெயிண்ட் வேலை பார்த்த இடத்தில் பழைய கேஸ்கெட்டையே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். சின்ன வேலைதானே என்ற அந்த அலட்சியம் எனக்கு ஒரு சீசன் மாதிரிகளைத் தின்றது.

புது கேஸ்கெட் போடும்போது அது உட்காரும் இடத்தைத் துடைத்து, போல்ட்டுகளைச் சமமாக முடுக்க வேண்டும். அதிகம் முடுக்கினால் பிளாஸ்டிக் விரியும். பீடிங்கைச் சோதிக்க, தாளை வைத்து டிக்கியை மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பிடிப்பில்லை. தகர இணைப்பில் விரிசல் என்றால் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீலன்ட் போட வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வெறும் தகரத்தை அரிக்கும்.

கார்பெட் மேலே காய்ந்திருந்தாலும் அடிப்பஞ்சு ஈரமாக இருக்கும். பிழிந்து வெயிலில் போடுங்கள். பிறகு அதே வரிசையில் இன்னொரு முறை தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டு ஓட்டை உள்ள கார்களும் உண்டு.