ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

மாதம் பிறந்ததும் கையில் பணம். இருபதாம் தேதிக்குள் பெட்டி காலி. கடைசி வாரத்தில் அண்டை வீட்டில் கைமாற்று. நம் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். “வருமானம் போதவில்லை, சாமி” என்று வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் கேட்கிறோம். போதாத வருமானத்தில் வாடுவோர் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், “சென்ற மாதம் எவ்வளவு வந்தது, எவ்வெவற்றுக்குப் போனது?” என்று திருப்பிக் கேட்டால் விடை கூறக்கூடியவர்கள் மிகச் சிலரே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். நாமோ அளக்காமலே போட்டுவிட்டு ஆற்றைக் குறை கூறுகிறோம்.

பெருகும் மாதமும் வற்றும் மாதமும்

செங்கல்பட்டுச் சீமையில் வாழும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே பல குடும்பங்களுக்கு வருமானம் சீராக வருவதில்லை. கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் அது கடலின் மனத்தைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சிறு படகுகள் அத்தடைக்கு உட்படாவிட்டாலும், ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அவையும் கரையேறிக் கிடக்க வேண்டியதுதான். மாமல்லபுரத்துச் சிற்பிக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தால் ஆறு மாதம் ஓய்வில்லை. கிடைக்காவிட்டால் உளி உறங்கும். மதுராந்தகம் ஏரிப் பாசனத்து உழவர் பணத்தைக் காண்பது அறுவடையின்போதுதான்.

மாதச் சம்பளக்காரர் மட்டும் கவலையற்றவர் என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தையும் மறைமலை நகர் மாற்றிவிட்டது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. 2022இல் அந்த ஆலையில் கார் உற்பத்தி நின்றது. நிலையான சம்பளத்தை நம்பி வீட்டுக் கடனும் வண்டிக் கடனும் வாங்கியிருந்த குடும்பங்கள் ஒரே அறிவிப்பில் நிலைகுலைந்தன.

ஆகவே, நம் பகுதியில் குடும்பம் நடத்துவோர் ஒரு மாதத்தை மட்டும் பார்த்துச் செலவிட முடியாது. ஆண்டு முழுவதையும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு மீனவக் குடும்பத்தைக் கொள்வோம். டீசல், ஐஸ், வலைச் செலவு எல்லாம் போக ஆண்டுக்கு ரூ. 2,40,000 கைக்கு வருகிறதென்றால் மாதச் சராசரி ரூ. 20,000. மார்ச்சில் ரூ. 35,000 வரலாம், நவம்பரில் ரூ. 5,000 வரலாம். மார்ச்சில் வந்ததை மார்ச்சிலேயே செலவிடும் வீடு நவம்பரில் ரூ. 15,000 கடன் வாங்கும். மார்ச்சிலும் நவம்பரிலும் ரூ. 18,000த்துக்குள் வாழப் பழகிய வீடு கடனின்றி ஆண்டைக் கடப்பதோடு ரூ. 24,000 மிச்சமும் வைத்திருக்கும். இரு வீட்டுக்கும் வருமானம் ஒன்றே.

நாற்பது பக்க நோட்டு

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வரவை ஒரு பக்கமும் செலவை மறுபக்கமும் அன்றன்று எழுதுங்கள். கணவன் மட்டும் எழுதி மனைவி அறியாத கணக்கும், மனைவி சேர்த்துக் கணவன் அறியாத கணக்கும் குடும்பக் கணக்காகா. இருவரும் வாரம் ஒருமுறை சேர்ந்து அமர்ந்து பாருங்கள். விவரம் அறிந்த பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். “இந்த மாதம் இயலாது” என்பதன் பொருள் அப்போது அவர்களுக்கும் விளங்கும்.

செலவை எழுதும்போது தள்ள முடியாதவற்றை முதலில் எழுதுக: அரிசி, பால், எரிவாயு, வாடகை, மருந்து. இரு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தில் பாதியை முதல் மாதமே எடுத்து வைக்க வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம், டிசம்பரில் கிறிஸ்துமஸ், ஊர்த் திருவிழா ஆகியவை நாள்காட்டியிலேயே இருப்பவை. அவை திடீரென்று வந்தன என்று யாரும் சொல்ல முடியாது. அவற்றின் மொத்தத்தைப் பன்னிரண்டாகப் பகுத்து மாதந்தோறும் ஒதுக்குவதே முறை.

விழாச் செலவைப் பற்றிச் சிறிது மனம்விட்டுப் பேசுவோம். பிள்ளையின் புதுநன்மைக்கு மண்டபமும் விருந்தும் பதாகையும் வேண்டுமென்று திருச்சபை கேட்கவில்லை. அண்டை வீட்டார் செய்ததைவிட ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டும் என்ற போட்டிதான் கேட்கிறது. ஒரு நாள் விருந்துக்கு இரண்டாண்டு வட்டி கட்டும் பெற்றோரைக் காணும்போது நம் நெஞ்சு கனக்கிறது.

கடனுக்கு என்ன விலை?

‘மூன்று வட்டிதான்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. தினத் தண்டல் இதனினும் கொடிது. கையில் ரூ. 8,500 கொடுத்து, நாளுக்கு ரூ. 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். ‘ஆயிரத்தைந்நூறுதானே கூடுதல்’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நாம் திருப்பிக் கட்டுவதால், அந்த 100 நாளில் சராசரியாக நம்மிடம் இருப்பது வாங்கிய தொகையில் ஏறத்தாழப் பாதியே. கணக்கிட்டால் ஆண்டு வட்டி சுமார் 120 விழுக்காடு ஆகிறது! அளவுமீறிய வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும், நம் தேவை பொறுக்காதவரை சட்டம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

வீட்டிலுள்ள பணத்தை முதலில் எங்கே இடுவது என்று கேட்போருக்கு நம் விடை இதுதான்: வட்டிக் கடனை அடையுங்கள். 36 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு 7 விழுக்காட்டுக்குச் சேமிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும்.

நம் மண் காட்டிய வழி

இத்தகைய வட்டிக் கொடுமையிலிருந்து ஏழை உழவரை மீட்க ஒரு வழி பிறந்ததும், அது இந்தியாவில் முதலில் வேரூன்றியதும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? சென்னை மாகாண அரசின் அலுவலரான பிரடெரிக் நிக்கல்சன், ஐரோப்பிய நாடுகளின் கிராம வங்கிகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரு பாகங்களாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் ஏழை உழவரைக் கொண்டே நடத்திய கடன் சங்கங்களே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஒருவரையொருவர் அறிந்த ஊரார் சிறுகச் சேமித்து, தம்முள் நேர்மையானவருக்குக் குறைந்த வட்டியில் கடன் தந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் முறை அது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் திரூரில் முதல் கிராமக் கடன் சங்கமும், அக்டோபரில் காஞ்சிபுரத்தில் முதல் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. இரண்டு ஊர்களும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. இன்று திரூர் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. இதே நிக்கல்சன்தான் பின்னர்ச் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்கும் அடித்தளமிட்டார்.

அந்த வழி இன்றும் அடைபடவில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ரைஃபைசன் முறையின் பேத்திகள் எனலாம். மீனவருக்குச் சேமிப்பு நிவாரணத் திட்டமும் இருக்கிறது. மீன் கிடைக்கும் மாதங்களில் அவர் தவணையாக ரூ. 1,500 செலுத்த, மத்திய, மாநில அரசுகள் ரூ. 3,000 சேர்த்து, வறண்ட காலத்தில் ரூ. 4,500 ஆகத் தருகின்றன. பெருகும் மாதத்தில் எடுத்து வற்றும் மாதத்தில் உண்பது என்று மேலே நாம் கூறியதையே இத்திட்டமும் செய்கிறது.

சீட்டும் பேராசையும்

சீட்டு நம் மக்களின் பழைய சேமிப்பு முறை. அதை முற்றிலும் பழிக்க மாட்டோம். ஆனால் நடத்துபவர் நல்லவர் என்பது மட்டும் போதாது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு பதிவாக வேண்டும். நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடு காட்ட வேண்டும். அவருடைய கழிவு 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் பணம் தராதீர்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி பேராசை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு நிறுவனம், மாதந்தோறும் 25 முதல் 30 விழுக்காடு வட்டி தருவதாகச் சொல்லி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது என்பது பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவல்துறை 2022இல் தொடுத்த வழக்கு. நோட்டும் பென்சிலும் எடுத்துக் கணக்கிடுங்கள். மாதம் 30 விழுக்காடு என்றால், ஒரு இலட்சம் ரூபாய் வட்டிக்கு வட்டியுடன் ஓராண்டில் 23 இலட்சத்தைத் தாண்டும். எந்த நேர்மையான வணிகம் இவ்வளவு ஈட்டித் தரும்? முதலில் சேர்ந்தவருக்குப் பின்னால் சேர்ந்தவரின் பணமே வட்டியாகப் போகும்; புதியவர் வருவது நின்ற அன்று எல்லாம் நிற்கும். வைப்பாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997லும், நாடு முழுமைக்கும் 2019லும் சட்டங்கள் வந்தன. சொத்தைப் பறிமுதல் செய்து பணம் திரும்ப வருவதற்குள் மகளின் திருமண நாள் கடந்துவிடும். அந்த வலையில் பெரும்பாலும் சேர்த்துவிடுபவர் உறவினர் அல்லது நண்பர் என்பதால், பணத்தோடு உறவும் போகிறது.

எங்கே வைப்பது?

நம்பிக்கையான நிறுவனமும் நொடிக்கலாம். கேரளத்தில் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல நம்பியிருந்த பாலா சென்ட்ரல் வங்கி 1960இல் மூடப்பட்டது. அத்தகைய வீழ்ச்சிகளுக்குப் பின்னர் 1962இல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு ரூ. 1,500 வரை காப்பு. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ. 5 இலட்சம். இந்தக் காப்பு தனியார் நிதி நிறுவனத்துக்கும் நகைக்கடைச் சீட்டுக்கும் இல்லை.

ஆகவே வரிசை இப்படி அமையட்டும். மூன்று மாதச் செலவுக்கான தொகை வங்கியிலோ அஞ்சலகத்திலோ எளிதில் எடுக்கும்படி முதலில் இருக்க வேண்டும். அடுத்து, மாதம் ரூ. 100 முதல் கட்டக்கூடிய அஞ்சலகத் தொடர் வைப்பு. பத்து வயதுக்குட்பட்ட மகள் இருந்தால் 2015இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 250 முதல் செலுத்தலாம். கடலுக்குச் செல்பவரும் கட்டட வேலை செய்பவரும், ஆண்டுக்கு ரூ. 20 கட்டினால் ரூ. 2 இலட்சம் தரும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் வங்கி வழியாகச் சேரத் தவறக் கூடாது. தங்கம் அவசரத்துக்கு உதவும். ஆனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வாரா. பங்குச் சந்தையும் பரஸ்பர நிதியும் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்துக்கு மட்டுமே உரியவை. கடன் வாங்கி அங்கே இறங்குவது அழிவு. எந்தக் கணக்கிலும் வாரிசு நியமனம் செய்யுங்கள். பாஸ் புத்தகம் இருக்கும் இடம் வீட்டில் இருவருக்குத் தெரியட்டும்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குடும்பமும் கட்டி எழுப்ப வேண்டிய கோபுரமே. அடுத்த சம்பளம் வரட்டும், அடுத்த அறுவடை வரட்டும், அடுத்த பாடு வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். இன்றிரவு உணவுக்குப்பின் அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து, இன்றைய செலவை முதல் வரியில் எழுதுங்கள்.