அந்தியேட்டி முடிந்தாலும் ஆறாத உடம்பு

புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு செத்த வீடு நடந்து, சில மாதத்துக்குள் அதே வீட்டில் இன்னொன்றும் விழுந்தால், "அவர் போன கவலையிலதான் மனுசியும் போனவ" என்று ஊர்ச் சனம் சொல்லும். அந்தப் பேச்சில் மருத்துவ உண்மை இருக்கிறது. மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களை ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வொன்று 1969இல் வெளியானது. முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழ்ந்த ஆண்களைவிட 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு இதய நோயினுடையது.

சாவுச் செய்தி காதில் விழுந்ததும் மூளை அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. நாடி எகிறுகிறது, பிறஷர் ஏறுகிறது, இரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. பின்னால் வரும் கோர்ட்டிசோல் நித்திரையையும் பசியையும் குலைக்கிறது. மாரடைப்பு வந்த ஏறத்தாழ 2,000 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணித்தியாலத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழமையைவிட 21 மடங்கு என்று அது கணக்கிட்டது. அந்த வாய்ப்பு நாள் செல்லச் செல்லக் குறைகிறது.

துயர அதிர்ச்சியில் மாரடைப்புப் போலவே தோன்றும் இன்னொரு நோயும் உண்டு. நெஞ்சு நோகும், மூச்சு முட்டும், ஈ.சி.ஜி.யும் மாறியிருக்கும். ஆனால் இதயத்தின் குருதிக்குழாய்களைப் படம்பிடித்துப் பார்த்தால் நோவுக்குக் காரணமான அடைப்பு இராது. இடது கீழறையின் நுனி மட்டும் சுருங்க மறுத்துப் புடைத்து நிற்கும். ஜப்பானிய மீனவர்கள் எண்காலி பிடிக்கக் கடலில் இறக்கும், கழுத்துச் சிறுத்து வயிறு பெருத்த சட்டியைப் போல அது தெரிந்ததால், 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அந்தச் சட்டியின் பெயரையே வைத்தார்கள்: டாக்கோட்சுபோ. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது. அநேகமானோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். முதல் நாள்களைத் தாண்டுவதுதான் கண்டம்.

இதயம் மட்டும் பாடுபடுவதில்லை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1942இல் இரவு விடுதியொன்று எரிந்து 492 பேர் மாண்டனர். அவர்களின் உறவினர்களைப் பார்த்த எரிக் லிண்டெமன் என்ற மருத்துவர் 1944இல் எழுதிவைத்த குறிகள் எங்கள் செத்த வீடுகளிலும் காண்பவைதான்: தொண்டை அடைத்தல், ஓயாத பெருமூச்சு, வயிறு வெறுமையாய்க் கிடத்தல், கைகால் சோர்தல். 1977இல் அவுஸ்திரேலியாவில், துணையை இழந்த 26 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். எட்டாவது வாரத்தில் நோயெதிர்ப்புக் கலங்களின் செயற்பாடு குறைந்திருந்தது.

வடக்கில் போர்க்கால மனவடுக்களை நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் சனத்தின் மனத்துயர் உடம்பு நோவாகவே வைத்தியரிடம் வருவதை எடுத்துக்காட்டியிருக்கிறார். நெஞ்சிடி, தலையிடி, உடம்பு உளைவு என்றுதான் சொல்வார்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் வீடுகளையும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரையும் அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அந்தத் தாய்மாரிடம் சடலமும் இல்லாமல் சடங்கும் இல்லாமல் கிடக்கும் துயரம் வருடக்கணக்கில் நீள்கிறது.

செத்த வீட்டு வழமைகளில் பல உடம்பைக் காப்பவை. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலட்டை சோறு கொண்டுவருகிறது. மாட்டேன் என்பவரை நாலு பேர் வற்புறுத்தி இரண்டு வாயாவது சாப்பிட வைக்கிறார்கள். ஒப்பாரி வாய்விட்டு அழ இடம் கொடுக்கிறது. ஆனால் எட்டுச் செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்ததும் பந்தல் கழன்றுவிடும். பிள்ளைகள் கனடாவுக்கும் சுவிசுக்கும் விமானம் ஏறிவிடுவார்கள். பிரித்தானிய ஆய்வு சொன்ன ஆறு மாதத்தில் ஐந்து மாதம் அதற்குப் பிறகுதான் கிடக்கிறது.

ஆகவே, செத்த வீட்டுப் பரபரப்பில் பிறஷர், சீனிக் குளிசைகள் தவறாமல் போடப்படுவதைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நெஞ்சு அடைக்குது என்றால் "கவலையில வாறது" என்று தேத்தண்ணி கொடுத்து இருத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கவலையா மாரடைப்பா என்பதை ஈ.சி.ஜி.யும் இரத்தச் சோதனையும் பார்த்து வைத்தியர் சொல்லட்டும். தீவிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச்சேர எடுக்கும் நேரத்தோடு தயக்கத்தையும் கூட்டாதீர்கள். அந்தியேட்டி முடிந்த வீட்டுக்கு மூன்றாம் மாதமும் ஒருக்கால் போய், சாப்பிட்டாரா, குளிசை போட்டாரா, நித்திரை வருகிறதா என்று கேளுங்கள்.