பீடியின் எண்ணிக்கையும் நிக்கோட்டினின் அளவும்



“ஹழ்ரத், முன்பு நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி, இப்போது பாதிக்கட்டுதான்” என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. அவர்களுடைய நிய்யத் நல்லது; அதற்குரிய கூலியை அல்லாஹ் வழங்குவானாக! ஆயினும் மனிதன் எண்ணுவது பீடிகளை. அவனுடைய உடல் எண்ணுவதோ நிக்கோட்டினை. இவ்விரு கணக்குகளும் ஒன்றல்ல என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டிவிட்டன.

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் மக்களுக்குக் குளிரும் மழையும் புதியவையல்ல. பற்றவைக்கும் ஒரு பீடி குளிரை விரட்டுவதாகவே அவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் நிக்கோட்டின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கைகால்கள் மேலும் குளிர்ந்துபோகின்றன. அப்படியிருந்தும் மனம் அதை நாடுவது ஏன்?

புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிகளுக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. அதைப் பற்றிக்கொள்வதற்கான நுண்ணிய இடங்கள் மூளையில் உண்டு. அவற்றை ஏற்பிகள் என்பர். சிகரெட்டில் ஓரிரு இழுப்பு இழுத்தாலே முக்கிய வகை ஏற்பிகளில் பாதி நிறைந்துவிடுவதையும், அந்நிலை ஏறத்தாழ 3 மணி நேரம் நீடிப்பதையும் 2006-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று மூளையைப் படமெடுத்துக் காட்டியது. இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அளவு இறங்கியதும் எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல். அடுத்த பீடி அந்தத் துன்பத்தை நீக்குகிறது. புகைப்பவர் அதை இன்பம் என்று எண்ணிக்கொள்கிறார்.

ஒரு சாதாரண சிகரெட்டின் புகையிலையில் 10 முதல் 14 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. உடலுக்குள் சேர்வது 1 முதல் 1.5 மில்லிகிராம். எவ்வளவு சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது புகைப்பவரின் மூச்சு. எண்ணிக்கையைக் குறைத்தவர் தம்மையறியாமலே ஆழமாக இழுக்கிறார், புகையை நெஞ்சில் கூடுதல் நேரம் நிறுத்துகிறார், அடிவரை புகைக்கிறார். “லைட்” என்ற பெயரில் வந்த சிகரெட்டுகள் மக்களை ஏமாற்றியதும் இவ்வழியில்தான். அவற்றின் வடிகட்டியில் இருந்த சிறு துளைகள் சோதனை இயந்திரத்தில் நிக்கோட்டினைக் குறைத்துக் காட்டின. மனிதனின் விரல்களும் உதடுகளும் அத்துளைகளை மூடிவிட்டன.

“பீடி சிறியதுதானே?” என்று கேட்கலாம். 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயதுவந்தோரில் 7.7 சதவீதம் பேர் பீடியும் 4 சதவீதம் பேர் சிகரெட்டும் புகைக்கின்றனர். எனவே நமக்கு முக்கியமான கேள்வி இதுவே. பீடித்தூளில் கிராமுக்கு 21.2 மில்லிகிராம் நிக்கோட்டினும், வடிகட்டியுள்ள சிகரெட்டின் புகையிலையில் 16.3 மில்லிகிராமும் இருந்ததாக 2001-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கூறுகிறது. பீடியில் தூள் குறைவு. ஆனால் அதன் வீரியம் அதிகம். பீடி இலையில் காற்று எளிதில் புகுவதில்லை. அணையாமல் இருக்க அடிக்கடி இழுத்தாக வேண்டும்.

அப்படியானால் எந்த அளவுக்குக் கீழே போனால் அடிமைத்தனம் தளரும்? 1994-ல் பெனோவிட்ஸ், ஹென்னிங்ஃபீல்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் இக்கேள்வியை எழுப்பி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் நிக்கோட்டின் உடலில் சேர்வதே அடிமைத்தனம் நிலைபெறும் எல்லையாக இருக்கலாம் என்று கணித்தனர். 2015-ல் எரிக் டோனி குழுவினர் 840 பேரிடம் 6 வாரம் சோதித்தனர். புகையிலையிலேயே நிக்கோட்டின் கிராமுக்கு 2.4 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே குறைக்கப்பட்ட சிகரெட்டுகளைப் பெற்றவர்கள், வழக்கமான சிகரெட்டைப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே புகைத்தனர். இழுத்துப் பெறுவதற்கு அதில் ஒன்றும் இல்லாததால் ஈடுகட்டவும் அவர்கள் முயலவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம், கிராமுக்கு 0.7 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை முன்மொழிந்தது. இளைஞர்கள் புதிதாகச் சிக்காமல் தடுப்பதே இதன் முதல் பயன். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் பீடிக்கட்டில் அத்தகைய வரம்பு எதுவும் இல்லை.

ரமளானைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பதின்மூன்று மணி நேரத்திற்கும் மேலாகப் புகையைத் தொடாத சகோதரர், இஃப்தாருக்குப் பின் அடுத்தடுத்து மூன்று பீடிகளைப் புகைத்துப் பகலில் இழந்த அளவை மீட்டுக்கொள்கிறார். நிறுத்தியவருக்கு முதல் இரண்டு, மூன்று நாள்கள்தாம் மிகக் கடினம்; மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலான துன்பம் அடங்கிவிடும். இவரோ ஒவ்வொரு நாளும் முதல் நாளிலேயே நிற்கிறார். அஸருக்குப் பின் வீட்டில் எழும் சச்சரவுகளில் பலவற்றை நோன்பின் மீது சுமத்துகிறோம். அது பெரும்பாலும் நிக்கோட்டின் இறங்கிய கோபம்.

“மதுவே படிப்படியாகத்தானே தடை செய்யப்பட்டது?” என்று சிலர் வாதிடுகிறார்கள். சட்டம் படிப்படியாக வந்தது உண்மை. ஆனால் இறுதிக் கட்டளை வந்தபோது ஸஹாபாக்கள் பாதிக் குடத்தை மிச்சம் வைக்கவில்லை. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. 2016-ல் இங்கிலாந்தில் 697 பேரிடம் நடந்த ஆய்விலும், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரங்களுக்குப் பின்னும் உறுதியாக இருந்தனர். படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதம் பேரே.

அவ்விரு பிரிவினரும் மருந்தின் துணையைப் பெற்றிருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எழுந்த அரைமணி நேரத்திற்குள், சிலர் ஃபஜ்ருக்கு ஒளூச் செய்யும் முன்பே, முதல் பீடியைப் பற்றவைப்பவரின் அடிமைத்தனம் கடுமையானது. அவரிடம் ஈமானின் பலவீனத்தை மட்டும் பேசிப் பயனில்லை; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு அளவுகளில் உண்டு. இவருக்குப் பொதுவாக 4 மில்லிகிராம் தேவைப்படும். புகையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல் அளவை மெல்ல இறக்கும் வழி இது. நோன்புப் பகலில் இதை மெல்லக் கூடாது. தோலில் ஒட்டும் பட்டையின் நிலை வேறு. தோலின் நுண்துளைகள் வழியே ஊறுவது நோன்பை முறிக்காது என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம்.

1800 112 356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். ஷஅபான் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. ரமளான் பிறை தென்படுவதற்குள் கடினமான நாள்கள் கழிந்திருக்கும். வாய்க்கு ஏதேனும் வேண்டும் என்போர், மலையிலிருந்து தாமே இறக்கிக்கொண்டு வரும் ஏலக்காயில் இரண்டை நோன்பு இல்லாத வேளையில் மென்றுகொள்ளட்டும். அதில் நிக்கோட்டின் இல்லை.