திருடும் பொம்மை, தட்டிக்கேட்கும் குழந்தை

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில், சுழலும் மேசை ஒன்றின் முன்னால் குழந்தையை உட்காரவைத்தார்கள். எதிரே ஆய்வாளர்களின் கையில் மாட்டிய பொம்மைகள். ஒரு பொம்மையின் பொருளை இன்னொன்று மேசையைச் சுழற்றித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். குழந்தையாலும் மேசையைச் சுழற்ற முடியும். 2015இல் வெளியான இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் மூன்று வயது, ஐந்து வயதுக் குழந்தைகள். திருடிய பொம்மையிடமிருந்து பொருளைப் பறிப்பதைவிட, வழி இருந்தபோது அதைப் பறிகொடுத்தவரிடமே திருப்பித் தர அவர்கள் விரும்பினார்கள். தன் பொருள் போனால் தலையிடும் அளவுக்கு, பொம்மையின் பொருள் போனாலும் மூன்று வயதுக் குழந்தைகள் தலையிட்டார்கள்.

இந்தச் சோதனைக்கு ஏன் பொம்மை? இன்னொரு குழந்தையைத் திருடச் சொல்ல முடியாது. பெரியவர் திருடினால் மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் வாயடைத்து நிற்கும். பொம்மையிடம் அந்தப் பயம் இல்லை. 2008இல் இதே நிறுவனத்தார் நடத்திய சோதனையில், மாக்ஸ் என்ற பொம்மை புதிய விளையாட்டு ஒன்றைத் தப்பாக ஆடியது. மூன்று வயதுக் குழந்தைகள் ‘அப்படி ஆடக்கூடாது’ என்று அதைத் திருத்தினார்கள். எப்போதும் திருத்தப்படும் இடத்தில் இருக்கும் குழந்தைக்கு, திருத்தும் இடம் கிடைக்கிறது. பொம்மையின் பலம் இதில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் பல வகுப்புகளில் பொம்மையும் இன்னொரு டீச்சராகி, ‘பகிர்ந்து உண்ண வேண்டும்’ என்று பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறது!

அமெரிக்க உளவியலாளர் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய வகுப்புத் திட்டத்தில் ஆமைப் பொம்மை ஒன்று வருகிறது. கோபம் வந்தால் அது ஓட்டுக்குள் போய், மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, தணிந்தபின் வெளியே வரும். குழந்தைகளும் கூடவே செய்து பழகுவார்கள். இந்தத் திட்டம் நடந்த வகுப்புகளில் முரட்டுத்தனம் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. அதே திட்டத்தில் ஆசிரியர்களுக்கும் பயிற்சி உண்டு என்பதால், முழுப் பெருமையையும் ஆமைக்கே தந்துவிட முடியாது.

அதிகம் எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை. டொரன்டோவில் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்தல் பற்றிய படக்கதையைப் படித்துக் காட்டினார்கள். மனிதர்கள் வரும் கதையைக் கேட்டவர்கள் பிறகு அதிக ஸ்டிக்கர்களைப் பிறருக்குக் கொடுத்தார்கள். சட்டை போட்ட விலங்குகள் வரும் கதையைக் கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அது புத்தகம், பொம்மையல்ல. ஆனாலும் நரியும் முயலும் கற்றதைக் குழந்தை தானாகவே பக்கத்து இருக்கைப் பிள்ளையிடம் பொருத்திப் பார்த்துவிடாது என்பதை அது உணர்த்துகிறது.

ஆகவே, பொம்மைக்குக் குழந்தைகளைவிடக் குறைந்த வயதைக் கொடுப்பது நல்லது. அது அவர்களை அண்ணா, அக்கா என்றே கூப்பிடட்டும். “அக்கா, அவன் கட்டின வீட்டை நான் தள்ளிவிட்டுட்டேன். அழறான். இப்ப என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை டீச்சர் பொறுத்திருக்க வேண்டும். ‘ஸாரி சொல்லு’ என்று ஒரு குரல் வரும். “சொல்லிட்டேன், இன்னும் அழறானே” என்று பொம்மை விடாமல் கேட்கலாம். சேர்ந்து திரும்பக் கட்டலாம் என்று யாராவது சொன்னதும், பொம்மையைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளிடம் கட்டைகளை எடுத்துக் கொடுக்கலாம்.