அந்த வெளிச்சம் கருந்துளை மோதலில் வந்ததா? முடிச்சை அவிழ்த்த அஸ்ட்ரோசாட்

2017 ஜனவரி 4, இந்திய நேரப்படி பிற்பகல் 3.41 மணி. அமெரிக்காவின் லைகோ கருவிகளில் ஓர் ஈர்ப்பலை பதிவானது. சுமார் 300 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதன் அதிர்வு அது. மறுநாள், அலை வந்திருக்கலாம் என்று கணித்த அதே வானப் பகுதியில், வேகமாக மங்கிக்கொண்டிருந்த ஒரு புள்ளியை ஹவாயின் அட்லஸ் தொலைநோக்கி பார்த்தது. 'மாட்டிக்கிச்சு!' என்றுதானே தோன்றும்?

ஆனால், கருந்துளைகள் மோதினால் வெளிச்சம் வராது என்பதுதான் பொதுவான கணிப்பு. அந்தப் புள்ளிக்கும் மோதலுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருந்தால், அந்தக் கணிப்பையே திருத்த வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் நம்ம அஸ்ட்ரோசாட் வருகிறது. 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 650 கி.மீ. உயரத்தில் சுற்றும் விண்வெளித் தொலைநோக்கி. ஏன் அவ்வளவு உயரம்? ஏனாத்தூரில் மொட்டை மாடியில் எவ்வளவு பெரிய கருவியை வைத்தாலும் காமா கதிர் நேரடியாக அதில் வந்து விழாது. வழியிலேயே காற்று மண்டலம் உறிஞ்சிவிடும். நம்ம உடம்புக்கு நல்லது, ஆராய்ச்சியாளர்களுக்குத் தலைவலி.

அஸ்ட்ரோசாட்டில் உள்ள 'சி.இசட்.டி.ஐ.' கருவியில் காட்மியம் துத்தநாக டெல்லுரைடால் ஆன 16,384 பிக்சல்கள் இருக்கின்றன. வெடிப்பைப் பிடிக்க அது செய்வது எளிய வேலை: எண்ணுவது. நொடிக்கு எத்தனை கதிர்த் துகள்கள் விழுகின்றன என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். வழக்கமான இரைச்சலைத் தாண்டி எண்ணிக்கை சட்டென எகிறினால் சந்தேகம் வரும். அதிக ஆற்றல் உள்ள கதிர்கள் கருவியின் பக்கச் சுவரையும் துளைத்து வந்துவிடும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள் தறி ஓடினாலும் தெருவில் சத்தம் கேட்கும் இல்லையா, அந்த மாதிரி. அதனால் கருவி வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் வெடிப்பு தப்பாது. 2015 அக்டோபர் 6-ல் கருவியை இயக்கிய முதல் நாளே, 60 டிகிரி தள்ளி நடந்த ஒரு வெடிப்பு சிக்கியது!

சரி, அந்தப் புள்ளி? ஈர்ப்பலை வந்த நேரத்தில், அது வந்திருக்கக்கூடிய வானப் பகுதியில் பாதி அஸ்ட்ரோசாட்டின் பார்வைக்குள் இருந்தது. ஒன்றும் பதிவாகவில்லை. சுமார் 20 மணி நேரம் கழித்துத்தான் எண்ணிக்கை எகிறியது. இதற்கிடையில் புள்ளி மங்கிய வேகத்தை மற்ற தொலைநோக்கிகள் அளந்திருந்தன. பால் ஆறியிருக்கிற அளவை வைத்து அதை எப்போது அடுப்பிலிருந்து இறக்கினார்கள் என்று சொல்வது போல, பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். அதுவும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் வந்து நின்றது.

ஆக, அது வேறு கதை. எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் செத்தபோது நடந்த காமா கதிர் வெடிப்பு, பெயர் ஜி.ஆர்.பி. 170105ஏ. ஒரே திசையில் தெரிந்தது தற்செயல். வருண் பாலேராவ் குழுவினர் இதை 2017-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதின. இந்த முறை வெளிச்சமும் நிஜம், காமா வெடிப்பும் நிஜம். அஸ்ட்ரோசாட்டுக்கு மட்டும் தெரியவில்லை; நடுவில் பூமி மறைத்துக்கொண்டது. அதுவும் வீணாகவில்லை: பூமி மறைத்த திசையில்தான் வெடிப்பு நடந்திருக்க வேண்டும் என்பதால், தேட வேண்டிய வானப் பரப்பு சுருங்கியது.