ஸ்பீடு இருக்கு, ஆனா இழுக்குது! வீட்டு ரவுட்டரில் இணைய வரிசையைச் சரிசெய்வது எப்படி?

மாசாமாசம் 100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறீர்கள். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் அந்த 100-க்குப் பக்கத்தில் காட்டவும் செய்கிறது. ஆனால், இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் அம்மாவுக்காகப் பேசும்போது மட்டும் குரல் விட்டுவிட்டு வருகிறது. "இந்த மாத்திரை காலையிலயா, ராத்திரியா?" என்று கேட்டதற்கு டாக்டர் சொன்ன பதிலில் பாதி காதில் விழவே இல்லை. அதே நேரத்தில் பக்கத்து அறையில் தம்பியின் போன், கல்யாண வீடியோக்களை கூகுள் போட்டோஸுக்கு அமைதியாக ஏற்றிக்கொண்டிருக்கிறது.

இப்படி நடக்கும்போது, "இந்த பிளான் பத்தல, 200-க்கு மாத்திடலாம்" என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. பல வீடுகளில் குறை வேகத்தில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் அமைப்பு உங்கள் ரவுட்டருக்குள்ளேயே இருக்கலாம். கூடுதலாகப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிடலாம், வாங்க.

வேகம் வேறு, தாமதம் வேறு

எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு தரவு போக முடியும் என்பதன் அளவு. ஒரு சின்னத் தகவல் இங்கிருந்து கிளம்பி, சர்வரைத் தொட்டுத் திரும்பி வர ஆகும் நேரம்தான் 'பிங்'. இதை மில்லி செகண்டில் சொல்வார்கள். 1,000 மில்லி செகண்ட் சேர்ந்தால் ஒரு நொடி.

வாய்ஸ் காலுக்கு 100 கேபிபிஎஸ் அளவே போதும். வீடியோ காலுக்கும் சில எம்பிபிஎஸ்தான் தேவை. ஆனால் அது நேரத்துக்கு வந்து சேர வேண்டும். பேச்சு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச்சேர 150 மில்லி செகண்டுக்குள் ஆனால் பெரும்பாலான உரையாடல்களில் இடைஞ்சல் தெரியாது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. அது 400-ஐத் தாண்டவே கூடாது என்றும் அதில் இருக்கிறது. தாண்டினால் என்ன ஆகும்? நீங்கள் பேசி முடித்துவிட்டதாக நினைத்து அவர் பேச, அவர் பேசவில்லை என்று நினைத்து நீங்கள் பேச, இரண்டு பேச்சும் மோதிக்கொள்ளும்.

வரிசை எங்கே நீளுது?

இ-சேவை மையத்தில் ஒரே ஒரு கவுன்ட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் ஒருவர் 50 விண்ணப்பங்களோடு நிற்கிறார். உங்கள் கையில் ஒரே ஒரு விண்ணப்பம். கவுன்ட்டரில் இருப்பவர் எவ்வளவு வேகமாக வேலை பார்த்தாலும் அந்த 50 முடிந்த பிறகுதான் உங்கள் முறை வரும்.

ரவுட்டரிலும் இதேதான் நடக்கிறது. உடனே அனுப்ப முடியாத தரவை அது 'பஃபர்' என்ற நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கும். தம்பியின் வீடியோ அப்லோடு அந்த வரிசையை நிரப்பிவிட்டால், உங்கள் குரல் கடைசியில் போய் நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ். பஃபரில் 1 மெகாபைட் தரவு காத்திருக்கிறது. 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட். அதை 20-ஆல் வகுத்தால் 0.4 நொடி, அதாவது 400 மில்லி செகண்ட். உங்கள் குரல் வீட்டை விட்டு வெளியே போகவே அவ்வளவு நேரம்!

பஃபரைப் பெரிதாக வைத்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். இணையத்தில் தரவு அனுப்பும் பெரும்பாலான செயலிகள், பாதையில் ஏதாவது தொலைந்தால்தான் "ஓ, நெரிசல் போல" என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். பஃபர் பெரிதாக இருந்தால் எதுவும் சீக்கிரம் தொலையாது. அதனால் அவை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், வரிசையும் நீண்டுகொண்டே போகும்.

2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கக் கணினிப் பொறியாளர் தன் வீட்டு இணைப்பில் இதைக் கவனித்து, 'பஃபர்ப்ளோட்' என்று பெயரிட்டார். பஃபர் வீக்கம் என்று தமிழில் சொல்லலாம். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் இதற்கு 'கோடெல்' என்ற தீர்வை முன்வைத்தார்கள். எவ்வளவு தரவு நிற்கிறது என்று பார்க்காமல், அது எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பார்ப்பதுதான் இதன் சூட்சுமம். நேரம் கூடினால் ஓரிரு தகவல் பொட்டலங்களை விட்டுவிடும், அனுப்புபவர் உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்வார். இதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் மாறி மாறி முறை தருவதையும் சேர்த்து 'எஃப்க்யூ கோடெல்' வந்தது. 2018-ல் லினக்ஸில் 'கேக்' என்ற அடுத்த வடிவமும் சேர்ந்தது. நம்ம கவுன்ட்டர் கதையில் சொன்னால், 50 விண்ணப்பக்காரரிடம் ஒன்று வாங்கினால், அடுத்து உங்களிடம் ஒன்று வாங்குவது. அவர் வேலையும் நடக்கும், உங்களுக்கும் காத்திருப்பு இருக்காது.

முதலில் சோதித்துப் பாருங்கள்

ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போனை இணையுங்கள். வீட்டில் மற்றவர்களை ஐந்து நிமிடம் நெட்டை விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஓக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் ஆப்பில் பிங் மூன்று வகையாகக் கிடைக்கும்: சும்மா இருக்கும்போது, டவுன்லோடு ஓடும்போது, அப்லோடு ஓடும்போது. ஃபாஸ்ட் டாட் காம் தளத்திலும் கூடுதல் விவரத்தைத் தொட்டால் சும்மா இருக்கும்போதும் சுமையோடும் என்று இரண்டு அளவு வரும்.

இந்த எண்களை இப்படிப் படியுங்கள்:

• சும்மா இருக்கும்போது 10, சுமையோடு 30 என்றால் கவலையே வேண்டாம்.

• சும்மா இருக்கும்போது 10, அப்லோடு ஓடும்போது 300 என்றால் உங்கள் வீட்டில் பஃபர் வீக்கம் இருக்கிறது. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

• யாருமே பயன்படுத்தாதபோதும் 150, 200 என்று காட்டினால் ரவுட்டர் அமைப்பை மாற்றிப் பயனில்லை. குறை வெளியே, இணைப்பில் இருக்கலாம்.

• ரவுட்டர் பக்கத்தில் நன்றாக இருந்து, படுக்கையறையில் மட்டும் மோசம் என்றால் அது வைஃபை சிக்னல் பிரச்சினை. ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் மாற்றி வைத்துப் பாருங்கள்.

இந்த டெஸ்ட்டைக் காலையில் ஒரு முறை, இரவு 8, 9 மணி வாக்கில் இரண்டு முறை போட்டு, எண்களைக் குறித்து வையுங்கள். அடுத்த வேலைக்கு அவை தேவைப்படும்.

ரவுட்டரில் செய்ய வேண்டியவை

1. போனை வீட்டு வைஃபையில் இணைத்து, பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். சரியான முகவரியும் முதல் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அந்தப் பாஸ்வேர்டை இதுவரை மாற்றவில்லை என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

2. எதையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏதாவது தப்பானால் பழையபடி வைக்க உதவும்.

3. 'க்யூஓஎஸ்', 'எஸ்க்யூஎம்', 'பேண்ட்வித் கன்ட்ரோல்', 'டிராஃபிக் மேனேஜர்' ஆகியவற்றில் ஏதாவது ஒரு பெயர் மெனுவில் இருக்கிறதா என்று தேடுங்கள். 'அட்வான்ஸ்டு' பகுதிக்குள் ஒளிந்திருக்கும்.

4. அதை 'ஆன்' செய்தால் டவுன்லோடு, அப்லோடு வேகத்தைக் கேட்கும். பிளானில் உள்ள வேகத்தைப் போடாதீர்கள். நீங்கள் குறித்து வைத்ததில் குறைவான எண்ணை எடுத்து, அதில் 90 சதவீதத்தைப் போடுங்கள். இரவில் 90 டவுன்லோடு, 20 அப்லோடு வந்திருந்தால் 81, 18 என்று போட வேண்டும்.

5. அலகைக் கவனியுங்கள்! சில ரவுட்டர்கள் கேபிபிஎஸ் கணக்கில் கேட்கும். அங்கே 18 எம்பிபிஎஸ் என்பதை 18000 என்று எழுத வேண்டும். வெறும் 18 என்று போட்டால் வீட்டு நெட் மொத்தமும் நின்றுபோகும்.

6. வகையைத் தேர்வு செய்யச் சொன்னால் 'கேக்' அல்லது 'எஃப்க்யூ கோடெல்' எடுங்கள். இவை இல்லாத ரவுட்டரில் கருவிக்கு முன்னுரிமை தரும் வசதி இருக்கலாம். அப்படியானால் ஆன்லைன் வகுப்புக்கோ, டாக்டர் காலுக்கோ பயன்படுத்தும் கருவிக்கு மட்டும் 'ஹை' கொடுங்கள். எல்லாக் கருவிக்கும் 'ஹை' கொடுத்தால் யாருக்குமே முன்னுரிமை இல்லை என்று அர்த்தம்.

7. சேமித்துவிட்டு மறுபடி டெஸ்ட் போடுங்கள். சுமையோடு வரும் பிங் இன்னும் உயரமாக இருந்தால் எண்ணை 85 சதவீதத்துக்கு இறக்குங்கள். நன்றாக இருந்தால் 95 வரை ஏற்றிப் பார்க்கலாம்.

காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் 10 சதவீதத்தை ஏன் விட்டுக்கொடுக்கணும்? நியாயமான கேள்விதான். வரிசை எப்போதும் பாதையின் மிகக் குறுகலான இடத்தில்தான் சேரும். அந்த இடம் நிறுவனத்தின் கருவியில் இருந்தால் உங்களால் அதை ஒழுங்குபடுத்த முடியாது. உங்கள் ரவுட்டரைக் கொஞ்சம் குறுகலாக்கினால் வரிசை உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அங்கே யாருக்கு எப்போது முறை என்பதை உங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். படம் டவுன்லோடு ஆக ஒரு நிமிடம் கூடலாம். ஆனால் டாக்டர் சொல்வது முழுசா கேட்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த வேலையை ரவுட்டரின் செயலிதான் செய்கிறது. பிளான் வேகம் கூடக்கூட அதற்குச் சுமையும் கூடும். ஆன் செய்த பிறகு வேகம் பாதியாக விழுந்தால், அந்த ரவுட்டரால் முடியவில்லை என்று பொருள். அப்போது 'ஆஃப்' செய்துவிடுங்கள். இரண்டாவது, சிம் போட்ட 4ஜி, 5ஜி வீட்டு இணைப்புகளில் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். அங்கே நெரிசல் நேரத்து வேகத்தை அடிப்படையாக வைத்தால்தான் பயன் கிடைக்கும்.

ரவுட்டரில் அந்த வசதியே இல்லையா?

இணைப்போடு வந்த கருவிகள் சிலவற்றில் இந்த மெனு இருக்காது, அல்லது பூட்டி வைத்திருப்பார்கள். அப்போதும் செலவில்லாமல் சிலதைச் செய்யலாம்:

• கூகுள் போட்டோஸ், வாட்ஸ்அப் பேக்கப்பை முக்கியமான காலுக்கு முன் நிறுத்தி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லா போனிலும் பார்க்க வேண்டும்.

• கிளவுடுக்கு வீடியோ அனுப்பும் சிசிடிவி கேமரா இருந்தால் அதன் தரத்தை ஒரு படி குறையுங்கள். அது நாள் முழுக்க உங்கள் அப்லோடைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்.

• டிவி, கம்ப்யூட்டர் இரண்டையும் லேன் கேபிளில் இணையுங்கள். வைஃபையில் இடம் மிச்சமாகும்.

எஸ்க்யூஎம் வசதி உள்ள தனி ரவுட்டரை வாங்கி, நிறுவனத்தின் கருவியோடு கேபிளில் இணைப்பது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் பழைய கருவியின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஒருவர் அதிலேயே இருந்தாலும் அவர் வரிசைக்குள் வர மாட்டார், நீங்கள் செய்த ஏற்பாடு வீணாகிவிடும். 'ஓபன்டபிள்யூஆர்டி' போன்ற மாற்று மென்பொருளை நிறுவனம் கொடுத்த கருவியில் ஏற்ற முயல வேண்டாம். இணைப்பே போய்விடக்கூடும்.

குறை வெளியே இருந்தால்

சும்மா இருக்கும்போதே பிங் அதிகம் அல்லது கேபிளில் இணைத்தும் பிளான் வேகம் வரவில்லை என்றால், உங்கள் சேவை நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்கவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம். டிராயின் மைஸ்பீடு ஆப்பில் எடுத்த அளவுகளும், தேதி, நேரத்தோடு உள்ள ஸ்கிரீன்ஷாட்டுகளும் கையில் இருந்தால் பேசுவதற்குத் தெம்பாக இருக்கும்.

"உங்க நெட் ஸ்பீடை நாங்களே கூட்டித் தர்றோம்" என்று யாராவது போன் செய்து, போனில் ஏதாவது ஆப் போடச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்த மாற்றங்களைக் கவுன்சலிங் நாளிலோ, விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலோ செய்ய வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்து பாருங்கள். பிறகு ஒரு போனில் பெரிய வீடியோவை அப்லோடு போட்டுவிட்டு, இன்னொரு போனில் ஊரில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ கால் பேசுங்கள். "என்னப்பா, திக்கித் திக்கி வருது?" என்று அவர் கேட்கவில்லை என்றால் வேலை முடிந்தது. பிளானை மாற்ற வேண்டியதில்லை.