பிள்ளை செய்த விடுமுறைப் புத்தகம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போக வேண்டுமே என்ற பேச்சு நம் வீடுகளில் எழுவது வழக்கம். கையிலிருக்கும் வெள்ளிக்குத் தக்கபடி சிலர் பத்துமலைக்குப் போவார்கள். சிலர் பினாங்குக்குப் போவார்கள். பலர், அத்தையோ பாட்டியோ இருக்கும் இன்னொரு தோட்டத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். போய்வந்து இரண்டு மாதம் ஆனால் பாதி மறந்துவிடும். கைத்தொலைபேசியில் எடுத்த படங்களோ, அது பழுதானால் அதோடு போய்விடும். ஆகவே, பிள்ளை தான் போய்வந்ததைத் தன் கையாலேயே ஒரு சிறு புத்தகமாகச் செய்து வைப்பது எப்படி என்று இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

இதென்ன சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். நம் குடும்பங்கள் நெடுந்தூரம் பயணம் செய்து வந்த குடும்பங்கள். ‘ரஜூலா’ என்ற கப்பல் 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டுக்கும் இந்நாட்டுக்கும் இடையே ஆட்களை ஏற்றிவந்தது. அதில் வந்த நம் பாட்டன்மாரில் எத்தனை பேர் அந்தக் கடல் நாட்களைப் பற்றி நான்கு வரி எழுதி வைத்தார்கள்? பலருக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு நேரம் இல்லை. இன்று உங்கள் பிள்ளைக்கு எழுதத் தெரியும். தாளும் பென்சிலும் வீட்டிலேயே இருக்கின்றன.

முதலில் புத்தகத்தைச் செய்துகொள்வோம். ஏ4 அளவு வெள்ளைத்தாள் ஆறு எடுத்து, ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். பன்னிரண்டு ஏடு, இருபத்து நான்கு பக்கம் கிடைக்கும். மேலட்டைக்குப் பழைய நாட்காட்டியின் கெட்டித் தாள் போதும். மடிப்புக் கோட்டில் ஊசியால் மூன்று துளை போட வேண்டும்: ஒன்று நடுவில், மற்ற இரண்டும் மேலும் கீழும் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி. புத்தகத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு நீளத்துக்குக் கெட்டியான நூல் எடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே விடுங்கள். பிறகு மேல்துளை வழியாக உள்ளே வாருங்கள். உள்பக்கத்தில் நடுத்துளையைத் தாண்டி, கீழ்த்துளை வழியாக வெளியே போய், மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே வந்துவிடுங்கள். இப்போது நூலின் இரு முனைகளும் உள்ளே இருக்கும். இடையில் ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக முனைகளைப் பிடித்து இறுக்கி முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. துளை போடுவதை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள். தைப்பதைப் பிள்ளை செய்யட்டும்.

கம்பி அடிக்கிற ஸ்டேப்ளர் இருக்கும்போது நூல் எதற்கு என்று கேட்பீர்கள். நம் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் அந்தக் கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை. செலோடேப்பும் அப்படித்தான், மஞ்சளாகி, காய்ந்து, கறையை விட்டுவிட்டுக் கழன்றுவிடும். மாவுப் பசை நல்லது. ஆனால் பூச்சிகளுக்கும் அது பிடிக்குமாதலால், மெல்லியதாக மூலைகளில் மட்டும் தடவினால் போதும். படங்களை நிறைய ஒட்டினால் புத்தகம் நடுவில் உப்பி, வாய் பிளந்து நிற்கும். அதற்கு ஒரு வழி உண்டு. இடையிடையே ஓர் ஏட்டை, தையலோரம் ஒரு விரல் அகலம் விட்டுவிட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். ஒட்டிய படத்தின் பருமனுக்கு அங்கே இடம் கிடைத்துவிடும்.

பேருந்துச் சீட்டை அப்படியே ஒட்டலாமா? ஒட்டலாம். ஆனால் இக்காலத்துச் சீட்டுகள் பல, சூட்டினால் எழுத்து விழும் தாளில் அச்சாகின்றன. சில ஆண்டுகளில் எழுத்து மறைந்து வெறுந்தாளாகிவிடும். ஊர், தேதி, கட்டணம் மூன்றையும் பக்கத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பென்சில் எழுத்து வெளிறாது. ஈரம் பட்டாலும் பேனா மையைப்போல் ஊறிப் பரவாது.

இனி, என்ன எழுதுவது? இங்கேதான் பல பிள்ளைகள் திணறுகிறார்கள். “இயற்கை எழில் கொஞ்சும் அவ்விடத்தைக் கண்டு மகிழ்ந்தோம்” என்று பள்ளிக் கட்டுரை எழுதிவிடுகிறார்கள். (அதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தாம்!) விடுமுறைப் புத்தகத்துக்கு அது வேண்டாம். எத்தனை மணிக்கு எழுந்தோம், அம்மா கட்டிய புளிச்சோற்றை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம், பேருந்தில் வாந்தி எடுத்தது யார், தாத்தா எதைப் பார்த்துச் சிரித்தார் என்று எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்; சிவப்பு மையோடு யாரும் அதனருகில் போக வேண்டாம்.

2017ஆம் ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி பினாங்கு போய்வந்து ஒரு புத்தகம் செய்தாள். பாலத்தைப் பற்றி ஒரே வரி. ஃபெரியைப் பற்றி மூன்று பக்கம்! கார்களும் ஆட்களும் ஒன்றாக ஏறிய அந்தப் பெரிய கப்பலை வரைந்து, “பட்டர்வொர்த்தில் காசு வாங்கினார்கள், திரும்பி வரும்போது வாங்கவில்லை, ஏன் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை” என்று எழுதியிருந்தாள். 2021ஆம் ஆண்டு பிறந்ததும் பயணிகளை வேறு படகுகளில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். 2023இல் வந்த புதிய ஃபெரிகளில் கார்கள் ஏறுவதில்லை. பத்துமலையும் அப்படித்தான். 272 படிகளுக்கும் பல வண்ணம் பூசியது 2018ஆம் ஆண்டில். 140 அடி முருகன் சிலை எழுந்தது 2006இல். அதற்கு முன் போய்வந்த பிள்ளை வரைந்த படம் இருந்தால், அதில் இவை இரண்டும் இருக்கமாட்டா.

எங்கும் போகவில்லை, பாட்டி வீட்டுக்குத்தான் போனோம் என்கிறீர்களா? அந்தப் புத்தகம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. பினாங்கைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் பாட்டி இருக்கும் லயத்தைப் பற்றி எழுத யார் இருக்கிறார்கள்? கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு எத்தனையோ தோட்டங்களை விற்று, லயங்களை இடித்து, வீடமைப்புப் பகுதிகளாக்கிவிட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் குடிபெயர்ந்தார்கள். பெரட்டு எடுத்த களம் எங்கே இருந்தது, மாரியம்மன் கோயிலுக்கு எந்தப் பக்கம் பள்ளிக்கூடம் என்று கேட்டால், அண்ணன் ஒன்று சொல்கிறார், தம்பி ஒன்று சொல்கிறார்.

ஆகவே பிள்ளையை அங்கே நடுப்பக்கத்தில் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். லயங்கள் எத்தனை வரிசை, பாட்டி வீடு எத்தனையாவது கதவு, கோயில், ஆலை, கடை, குளிக்கிற ஆறு எல்லாம் வரட்டும். பக்கத்து வீடுகளில் யார் யார் என்று பாட்டியைக் கேட்டு எழுதட்டும். கேட்கக் கேட்கப் பாட்டி வேறு பலவும் சொல்வார். அதற்காகக் கடைசியில் நான்கு பக்கம் காலியாக விட்டு வையுங்கள். வேலையினால் உடன் வரமுடியாத தந்தைமார் உண்டு. வீடு திரும்பியதும் பிள்ளை அந்தப் புத்தகத்தை அவருக்குப் படித்துக் காட்டட்டும். அவர் கேட்கும் கேள்விகளையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

எழுதிய தேதியையும், எழுதியவர் பெயரையும் வயதையும் முதல் பக்கத்தில் போட மறந்துவிடாதீர்கள். பிறகு ஒரு காய்ந்த பிஸ்கட் டின்னில் வைத்து, தரையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைத்தால் போதும்.